சென்னை–மதுரை: கணக்கில் அரை மணி, டிக்கெட்டில் ஒன்றே கால் மணி

சாலையில் போனால் சென்னையிலிருந்து மதுரை 450 கிலோமீட்டருக்கு மேல். வானத்தில் எவ்வளவு என்று நாமே தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். மீனம்பாக்கம் கிட்டத்தட்ட 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, மதுரை விமான நிலையம் 9 டிகிரி 50 நிமிடத்தில். வித்தியாசம் 190 நிமிடம் (இது கடிகார நிமிடம் இல்லை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. (கடல் மைல் என்ற அளவே இப்படித்தான் வந்தது.) கிழக்கு மேற்காக 125 நிமிடம் தள்ளி இருக்கின்றன, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால் நம் ஊர்ப் பக்கம் அதை 0.98ஆல் பெருக்க வேண்டும், 122 வரும். இவ்வளவு சிறிய தூரத்துக்குப் பூமியின் வளைவைக் கண்டுகொள்ள வேண்டாம், பள்ளியில் படித்த பிதாகரஸ் போதும்: ஏறத்தாழ 225 கடல் மைல், 417 கி.மீ.

சரி, ஏர்பஸ் ஏ320 மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் பெரும்பாலும் ஒன்றே கால் மணிக்குக் குறையாமல் போட்டிருக்கிறார்களே!

முதல் காரணம், அந்த நேரம் பறக்கும் நேரமே இல்லை. அதற்கு பிளாக் டைம் என்று பெயர். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை. ரன்வே வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, தாமதம் வந்தால் சமாளிக்க நிறுவனம் சேர்த்து வைக்கும் சில நிமிடங்கள், எல்லாம் இதற்குள் அடக்கம்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விமானம் இறங்கும்போது ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 25,000 அடியில் பறந்தால் 75 கடல் மைலுக்கு, அதாவது 140 கி.மீ.க்கு முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் நூறு கி.மீ.க்கு மேல் போய்விடும். மிச்சம் என்ன இருக்கிறது? சமமாகப் பறப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அந்த 830 கி.மீ. வேகம் அங்கே மட்டும்தான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், மணிக்கு சுமார் 460 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று வேறு கட்டுப்பாடு இருக்கிறது.

அதனால்தான் இந்த மாதிரித் தடங்களில் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் தாக்குப்பிடிக்கிறது. அதன் உச்ச வேகம் மணிக்கு 510 கி.மீ.தான், தாளில் பார்த்தால் ஜெட்டைவிடப் பாவமாகத் தெரியும். ஆனால் ஊர்வதும் காத்திருப்பதும் இரண்டுக்கும் ஒன்றுதானே, கடைசியில் கால் மணி, இருபது நிமிடம்தான் பின்தங்கும், எரிபொருளோ எவ்வளவோ குறைவு. டெல்லி போவதென்றால் கதை வேறு.

அப்புறம் காற்று. எதிர்க்காற்றில் இறங்குவதுதான் வழக்கம், மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்குக் காற்று அடித்தால் மதுரையிலிருந்து வரும் விமானம் மேற்கிலிருந்து நேராக நுழைந்துவிடலாம். மேற்கிலிருந்து அடித்தால் நகரத்தைத் தாண்டி வங்கக்கடலுக்கு மேல் போய்த் திரும்பி வர வேண்டும். அடுத்த முறை சென்னையில் இறங்கும்போது ஜன்னலுக்குக் கீழே கடல் தெரிந்தால், காற்று எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.