மிலான் போகிறீர்களா? விமான டிக்கெட்டுக்கு முன் இதைக் கவனியுங்கள்

ஐரோப்பாப் பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். நம் ஊரிலிருந்து கிளம்பும் குழுப் பயணங்களில் மிலானுக்குப் பெரும்பாலும் அரை நாள்தான் ஒதுக்குகிறார்கள். வெனிஸ் போகிற வழியில் பேருந்து நிற்கும். டுவோமோ பேராலயத்தின் முன் போட்டோ, கடைவீதியில் ஒரு மணி நேரம், அப்புறம் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு செலவு செய்து போய்விட்டு அந்த ஊரை இப்படிப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இரண்டு இரவாவது தங்குங்கள்.

தங்குவதென்றால் முதல் வேலை, லியனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்துக்கு நுழைவுச்சீட்டு எடுப்பது. விமான டிக்கெட்டை அதற்கப்புறம் போடுங்கள். “நேரில் போய் வாங்கிக்கொள்ளலாமே” என்று கேட்பவர்கள் நிறைய. அது அநேகமாக நடக்காது. சிறு சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள், ஒரு குழுவுக்குப் பதினைந்தே நிமிடம். இணையத்தில் விற்பனை திறந்ததும் நல்ல தேதிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். சீட்டில் பெயர் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் அந்த ஓவியத்தின் உடல்நிலைதான். சுவரோவியம் என்றால் வழக்கமாகச் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டி முடித்துவிட வேண்டும். லியனார்டோ நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைபவர். அதனால் காய்ந்த சுவரின் மேலேயே வரைந்தார். வண்ணம் சுவரோடு ஒட்டாமல், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. ஓவியம் இருப்பது ஒரு மடாலயத்தின் உணவுக்கூடச் சுவரில். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஆகஸ்டில் விழுந்த குண்டில் அந்த உணவுக்கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்தன. மணல் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் ஓவியச் சுவர் தப்பியது. பழுதுபார்க்கும் பணி 1978 முதல் 1999 வரை நடந்தது. இன்று தூசியும் ஈரமும் புகாதபடி அடுத்தடுத்த கண்ணாடிக் கதவுகளைக் கடந்துதான் உள்ளே போக முடியும். இதைத் தெரிந்துகொண்டு போய் நின்று பாருங்கள், பதினைந்து நிமிடம் போதாது என்று தோன்றும்.

இன்னொன்று, திங்கட்கிழமை. இந்த ஓவியக்கூடம், பிரேரா ஓவியக்கூடம், மைக்கேலாஞ்சலோ கடைசியாகச் செதுக்கிய சிற்பம் இருக்கும் ஸ்ஃபோர்ஸா கோட்டை அருங்காட்சியகம் எல்லாமே வழக்கமாக அன்று மூடியிருக்கும். அந்த நாளை டுவோமோவுக்கும் கடைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டுவோமோவில் மொட்டைமாடிக்கும் சேர்த்துச் சீட்டு எடுங்கள். 1386-இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் பளிங்குக் கூர்முனைகளுக்கு நடுவே நடக்கலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம்.

டுவோமோ சதுக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, “சும்மா, பரிசு” என்று உங்கள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டப் பார்ப்பார். கட்டிவிட்டால் காசு கேட்டு விடமாட்டார். புறாவுக்குப் போடச் சொல்லி உள்ளங்கையில் தானியம் கொட்டுவதும் இதே கதைதான். கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். தெருவோரம் துணி விரித்து விற்கும் போலி பிராண்டு பைகளைத் தொடவே வேண்டாம். இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை போகலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: மஞ்சளாக, குங்குமப்பூ மணத்தோடு வரும் மிலான் ரிசோட்டோ என்ற அரிசி உணவு பார்க்கச் சைவம் போலவே இருக்கும். ஆனால் அதன் மரபான செய்முறையில் மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சி வடிநீரும் சேரும். பீட்சாவில் ‘மரினாரா’ கேளுங்கள். தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும்தான், சீஸ்கூட இருக்காது.

சரி, ஷாப்பிங். விலையுயர்ந்த பிராண்டுக் கடைகள் நிறைந்த மோன்ட்டே நப்போலியோனே தெருவைப் பார்த்து ரசிக்கலாம். நம் பட்ஜெட்டுக்குக் கோர்சோ புவெனோஸ் ஐரெஸ் வீதிதான் சரி. தள்ளுபடிக் காலம் ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலைத் தொடக்கத்திலும் ஆரம்பிக்கும். ஆகஸ்ட் நடுவில் சின்னக் கடைகள் பல விடுமுறைக்காகப் பூட்டியிருக்கும். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், விலையோடு கட்டிய வரியில் ஒரு பகுதி ஊர் திரும்பும்போது திரும்பக் கிடைக்கும், பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். வரி 22 சதவீதம் என்றாலும் அது விலைக்குள்ளேயே அடங்கியது, வரியைத் திருப்பித் தரும் இடைநிறுவனத்தின் கட்டணமும் போகும். அதனால் அவ்வளவும் திரும்பி வராது. பொருளைப் பிரித்துப் பயன்படுத்தாதீர்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்தப் படிவத்துக்குச் சுங்க ஒப்புதலை முடித்துவிடுங்கள். மிலானிலிருந்து சுவிட்சர்லாந்து போய் அங்கிருந்து ஊர் திரும்புபவர்கள் இதை மறந்தே போகிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒப்புதலை இத்தாலிய எல்லையிலேயே வாங்க வேண்டும், அதனால் கியாசோ எல்லையில் பேருந்தை நிறுத்தச் சொல்லி உங்கள் வழிகாட்டியிடம் முந்தின நாளே பேசிவையுங்கள்.