வெப்பக் கவசமா, வெப்பக் காப்பா?

தண்டையார்பேட்டை டீக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செயற்கைக்கோளைக் காட்டி, "தங்கத்தாலான வெப்பக் கவசம் போர்த்தியிருக்கிறார்கள்" என்று வாசித்தார்கள். இந்த மாதத்தில் இதை நான் கேட்பது மூன்றாவது முறை. அது தங்கமும் இல்லை, கவசமும் இல்லை. ஆங்கிலத்தில் அது 'தெர்மல் இன்சுலேஷன்'. அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

இன்சுலேஷனுக்கு மூலம் லத்தீன் 'இன்சுலா', அதாவது தீவு. தொடர்பறுத்துத் தனியே நிறுத்துவது என்ற பொருளில் கிளம்பி, பிறகு மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் வந்தது. ஐசோலேஷனும் அதே வீட்டுப் பிள்ளைதான். அதற்காக 'வெப்பத் தனிமைப்படுத்தல்' என்று எழுதினால் கொரோனா வார்டுதான் ஞாபகம் வருகிறது. சரி, அதை விடுவோம்.

கவசத்துக்கு வருகிறேன். கவசம் எதிர்நின்று அடி வாங்குவது. 2007 ஜனவரியில் இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ. கலம் விண்ணிலிருந்து திரும்பி வங்கக் கடலில் இறங்கியதே, அதன் மேல் இருந்த சிலிக்கா ஓடுகள் வெப்பக் கவசம். ராக்கெட்டின் தலையில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் கூட்டையும் இஸ்ரோக்காரர்கள் 'ஹீட் ஷீல்டு' என்றே சொல்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல்லின் தலையில் மூன்றாவதையும் ஏற்றுவானேன்?

அந்தப் பளபளப்புப் போர்வை செய்யும் வேலையே வேறு. கேப்டன் (Kapton), மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் அலுமினியம் பூசி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி நடுவே வலை வைத்து, 10, 20 அடுக்காகப் போர்த்துகிறார்கள். கேப்டனுக்கே தேன் நிறம். பின்னால் அலுமினியம் மின்னுவதால் தங்கம் போலத் தெரிகிறது. வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாகத்தான் வந்து சேரும். ஒவ்வொரு அடுக்கும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வெயிலில் சூடு உள்ளே வராது, நிழலில் உள்ளே உள்ள சூடு வெளியே ஓடாது. எந்தக் கவசம் ஐயா போட்டுக்கொண்டவனுக்குக் குளிராமலும் பார்த்துக்கொள்கிறது?

குழப்பம் எங்கே போய் முடியும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடம் ஒன்று போதும். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் சூடாகாமலிருக்க வெளித்தொட்டியின் மேல் நுரை பூசியிருந்தார்கள். கிளம்பும்போது அதில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் வெப்பக் கவசத்தை உடைத்தது. 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஏழு பேர் இறந்தார்கள். நுரையையும் கவசம் என்றால், கவசம் பெயர்ந்து கவசத்தை உடைத்தது என்று எழுத வேண்டும். படிப்பவருக்கு என்ன விளங்கும்?

'வெப்பங்கடத்தாப் பொருள்' என்று இன்னொரு கட்சி இருக்கிறது. தனித்தமிழ்தான், ஆனால் அலுமினியம் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். அதைப் பூசிய தாளை எப்படிக் கடத்தாப் பொருள் என்பது?

காப்பு என்று சொல்லிப் பாருங்கள். 'கா' என்ற வேரிலிருந்து வந்த சொல். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கையில் கட்டுகிற மஞ்சள் கயிறும் காப்புதான். மின்காப்பு வழக்கில் இருக்கும்போது வெப்பக் காப்புக்கு என்ன குறை? சூட்டையும் காக்கும், காசிமேட்டு மீன்பெட்டியில் தெர்மாகோல் காப்பது போலக் குளிரையும் காக்கும்.

எண்ணூர் அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றிய என் மாமா இதை 'லேக்கிங்' என்பார். அவர் அப்படியே சொல்லட்டும். ராத்திரியெல்லாம் கையைச் சொறிந்துகொண்டு சொன்ன சொல் அது.