ஆன்டிட்ரஸ்ட்: எந்த ட்ரஸ்டுக்கு எதிர்ப்பு?

போட்டிச் சட்டமும் பொருளியலும் சேர்ந்த முதுமாணிப் படிப்பொன்றை ஹட்டனிலிருந்து இணையவழியில் படிக்கிறேன். விரிவுரை நம் நேரப்படி இரவு பத்தரைக்குத் தொடங்கும். மழை கொட்டினால் சிக்னல் போய்விடும் என்பதால் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துக் கேட்பது வழக்கம். முதல் வாரம், சந்தையில் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயரான ‘ஆன்டிட்ரஸ்ட்’ என்ற சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். ‘நம்பிக்கை எதிர்ப்பு’ என்று வந்தது. அதை வாய்விட்டுப் படித்துவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த அம்மா எழும்பி உட்கார்ந்து, “நம்பிக்கைக்கு எதிரா ஒரு சட்டமா புள்ள?” என்று கேட்டார்.

அதற்குப் பதில் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்தது. தோட்ட வேலையிலிருந்து அம்மா ஓய்வு பெற்றபோது பணம் எடுக்க நிரப்பிய படிவத்தின் பிரதி அது. தலைப்பு: ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம். லயத்தில் எல்லோரும் ஈ.டி.எஃப். என்று சொல்வதும் இதைத்தான். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில்கொடுப்பவர் சம்பளத்தின் 3 வீதத்துக்குச் சமமான தொகையைத் தன் கையிலிருந்து இதில் கட்டுகிறார். அந்த மூன்றெழுத்தின் நடுவில் இருக்கும் ‘ட்ரஸ்ட்’தான் ஆன்டிட்ரஸ்டிலும் இருக்கிறது. மனதில் வைக்கும் நம்பிக்கை வேறு; ஒருவர் பொருளை இன்னொருவர் பொறுப்பேற்று, அவர் நலனுக்காக ஆள்வது வேறு. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். நம் சட்டத் தமிழோ இரண்டாவதை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்று பிரித்துக் காட்டிவிட்டது. அதற்கு முன்பே கோயில் சொத்தைப் பார்க்கும் ஆளைத் தருமகர்த்தா என்று அழைத்துப் பழகியவர்கள் நாம்.

அப்படிப்பட்ட நல்ல சொல்லுக்கு எதிராகச் சட்டம் வந்ததற்குக் காரணம் மண்ணெண்ணெய். அமெரிக்காவில் ஜோன் டி. ரொக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஒயில், பல மாநிலங்களில் இருந்த எண்ணெய்க் கம்பனிகளை ஒரே பிடிக்குள் கொண்டுவர வழி தேடியது. ஒரு மாநிலக் கம்பனி இன்னொரு மாநிலக் கம்பனியின் பங்குகளை வைத்திருப்பது அன்றைய சட்டத்தில் எளிதல்ல. அதன் சட்டத்தரணி சாமுவேல் டொட் 1882இல் ஒரு வழி கண்டார். பங்குதாரர்கள் தங்கள் பங்குகளை ஒன்பது நம்பிக்கைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தார்கள். பதிலுக்கு ஒரு சான்றிதழ் பெற்றார்கள். வெளியே பல பெயர்ப்பலகைகள், உள்ளே முடிவெடுப்பது ஒன்பது பேர். சீனிக்காரர்களும் விஸ்கிக்காரர்களும் அதே வழியில் போனார்கள். அநாதைப் பிள்ளையின் சொத்தைக் காக்கவும் பயன்பட்ட ஏற்பாடு சந்தையை வளைக்கும் கருவியானது. ‘ட்ரஸ்ட்’ என்றால் மக்கள் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள்.

1890இல் செனட்டர் ஜோன் ஷேர்மனின் பெயரால் வந்த சட்டம், வர்த்தகத்தைக் கட்டிப்போடும் கூட்டுகளை ‘ட்ரஸ்ட் வடிவிலோ வேறு வடிவிலோ’ இருந்தாலும் தடைசெய்தது. 1911இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டாண்டர்ட் ஒயில் 34 கம்பனிகளாகப் பிரிந்தது. அதற்குள் அந்த ட்ரஸ்ட் ஏற்பாடே கைவிடப்பட்டிருந்தது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. எதை எதிர்க்கப் பிறந்ததோ அது போன பிறகும் அமெரிக்காவில் இது ஆன்டிட்ரஸ்ட் சட்டம்தான். உலகின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் போட்டிச் சட்டம். இலங்கையில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், சந்தையை ஒருவரே ஆளும் ஏகபோகத்தையும் கம்பனி இணைப்பையும் ஆராயும் அதிகாரத்தை நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருந்தது. 2003இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது அந்த இரண்டும் கைநழுவிப் போயின. இதைப் பெரிய இழப்பாகவே நான் பார்க்கிறேன்.

சரி, இந்தச் சட்டத்தைத் தமிழில் என்ன சொல்வது? விற்பவர் ஒருவரே என்ற நிலையான ‘மொனோபொலி’யை உயர்தரப் பொருளியலில் தனியுரிமை என்று படித்தோம். தமிழ்நாட்டில் முற்றுரிமை என்பார்கள். தனியுரிமை என்ற சொல்லை இப்போது போனில் வரும் ஒவ்வொரு செயலியும் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை என்ற பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய பொருளில் எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். எனக்குப் பிடித்தது ஏகபோகம். ஏகம் ஒன்று, போகம் அனுபவிப்பது. பங்காளி இல்லாமல் ஒருவரே ஆண்டு அனுபவித்த கிராமத்தைத்தான் அந்தக் காலத்தில் ஏகபோகம் என்றார்கள். மண்ணிலிருந்து வந்த சொல் என்பதால் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது.

ஆனாலும் ‘ஏகபோகத் தடைச் சட்டம்’ என்று பெயர் வைக்க மாட்டேன். நல்ல சரக்கு விற்று ஒருவர் தனித்து நிற்பது ஷேர்மன் சட்டத்தில் குற்றமல்ல. மற்றவர்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பதும், அப்படித் தக்கவைப்பதும்தான் குற்றம். அதோடு, நான்கு லொறிக்காரர்கள் விடியற்காலையில் பேசிவைத்துக்கொண்டு கரட்டுக்கும் லீக்ஸுக்கும் ஒரே விலை சொன்னால் அங்கே ஏகபோகன் யாரும் இல்லை, விவசாயிக்கு விழும் அடி மட்டும் அதேதான். ‘போட்டிச் சட்டம்’ சரியான பெயர். ஆனால் போட்டி என்றதும் நமக்குப் பொறாமையும் போட்டிப் பரீட்சையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் என் குறிப்பேட்டில் ‘போட்டிக் காப்புச் சட்டம்’ என்று எழுதிவருகிறேன்.

மலையகத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் ஒன்று உண்டு: ‘மொனொப்சனி’. விற்பவர் பலர், வாங்குபவர் ஒருவர். 1933இல் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜின் கிரேக்க அறிஞர் ஹால்வர்ட் ஆக்கிக்கொடுத்த சொல். அதன் கிரேக்க வேரில் இருக்கும் ‘ஒப்சொன்’, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. தமிழில் ‘கொள்முதல் ஏகபோகம்’ என்றால் பொருந்தும். உழைப்பும் இப்படி விற்கப்படும் பொருள்தான்.

அந்த உழைப்பு கைமாறிய விதத்தை நம் முன்னோர்கள் ஒரு தமிழ்ச் சொல்லால் அறிந்திருந்தார்கள்: துண்டு. ஆட்களைத் திரட்டிவந்து மேற்பார்த்த கங்காணியின் கூட்டத்தின்மேல் இவ்வளவு கடன் உண்டு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு. வேறு தோட்டத்துத் துரை கடனைக் கட்டி அந்தக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்களைப் பிடிக்கத் தோட்டங்களுக்குள் கடும் போட்டி நடந்தது; முற்பணம் ஏறியது; ஏறிய பணம் தொழிலாளியின் தலையில் கடனாக இறங்கியது. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. வாங்குவோர் மோதிக்கொண்டால் விற்பவர் விலை ஏறும் என்று பாடம் சொல்கிறது. இங்கே உழைப்பை விற்பவருக்குத் தன் கால் தன் வசம் இல்லை. அதனால்தான் போட்டி என்ற சொல்லோடு நான் நின்றுவிடுவதில்லை. யார் கையில் தெரிவு இருந்தது என்றும் கேட்கிறேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லிமுடித்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. “துண்டெல்லாம் எங்க தாத்தா காலம். எங்களுக்கு யாரும் சீட்டுக் கேக்கல. ஆனா வேற தோட்டத்துக்குப் போனா இந்தக் காம்பராவ விடணுமே, அதுக்கு ஒங்க படிப்புல என்னா பேரு?” என்றார். ‘இடம் மாறும் செலவு’ என்று சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.