ஹாட் சீட்டில் இருப்பவரைப் பற்றிப் பேசும் வீடு

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய பெற்றோர் என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார்கள். (பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) முந்தைய ஆண்டு வரை பள்ளியின் வினாடி வினா அணியில் இருந்தவள், ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிறவள், சில மாதங்களாக வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றும், விடை தெரிந்த கேள்விக்கும் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்றும் வகுப்பாசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்வை, செவித்திறன், தூக்கம், உடன் படிப்பவர்கள் யாரேனும் சீண்டுகிறார்களா என்பது வரை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதிலும் காரணம் அகப்படவில்லை. மூன்றாவது சந்திப்பில் அவளே சொன்னாள்: “தப்பா சொன்னா என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். எங்க வீட்டுல தினமும் பேசுறாங்களே.”

அவளைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல்கூடத் தவறாகப் பேசியதில்லை. பேசியதெல்லாம் தொலைக்காட்சி வினாடி வினாக்களில் தொகுப்பாளருக்கு எதிரே, ‘ஹாட் சீட்’ எனப்படும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த போட்டியாளர்களைப் பற்றித்தான். அப்பா, சித்தப்பா, தாத்தா மூவருமே வினாடி வினா ரசிகர்கள். தாத்தா ரயில்வே வேலையில் இருபது ஆண்டுகள் நாக்பூரில் இருந்தவர் என்பதால் இந்தியில் வரும் ‘கோன் பனேகா கரோர்பதி’யைத் தவறவிடுவதில்லை; அது இல்லாத மாதங்களில் யூடியூபில் பழைய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ பகுதிகள் ஓடும். சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்து, எந்தக் கேள்வி கடினம், எது வேண்டுமென்றே குழப்புவதற்காக அமைக்கப்பட்டது, விடை தெரியாதபோது உதவி பெறத் தரப்படும் ‘லைஃப்லைனை’ யார் வீணாக்கினார் என்று பேசுவது அந்த வீட்டின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் கேள்வியில் தொடங்கி ஆளில் போய் முடிந்தது. “இதுகூடத் தெரியாம எந்தத் தைரியத்துல அங்க போய் உக்காந்தான்?” என்பது சித்தப்பாவின் வாடிக்கையான வாசகம்.

நம்மில் பலரும் ஏதோ ஒரு நாள் இந்த வாசகத்தைச் சொல்லியிருப்போம். அது ஏன் இவ்வளவு எளிதாக வாயில் வருகிறது என்பதை உளவியல் ஓரளவு தெளிவாகவே விளக்கியிருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ராஸ், தெரசா அமபிலி, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் ஆகிய மூவரும் 1977-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வினாடி வினாவை வைத்தே நடத்தப்பட்டது. மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, எந்தத் தகுதியும் பாராமல், ஒருவரைக் கேள்வி கேட்பவராகவும் மற்றவரை விடை சொல்பவராகவும் நியமித்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்த துறைகளிலிருந்து கடினமான பத்துக் கேள்விகளைத் தாமே தயாரிக்க வேண்டும். விடை சொல்பவர்கள் சராசரியாக நான்கு கேள்விகளுக்குத்தான் சரியான விடை சொன்னார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. யாருக்குப் பொது அறிவு அதிகம் என்று கேட்டபோது, விடை சொல்லத் திணறியவர்களும் வெளியே இருந்து பார்த்தவர்களும் கேள்வி கேட்டவரே அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். இடங்களை மாற்றிப் போட்டிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், நாற்காலி தந்த வசதியை ஆளின் திறமையாக எண்ணிக்கொண்டார்கள். சூழ்நிலையை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஆளின் குணத்தில் ஏற்றிப் பார்க்கும் இந்தப் போக்குக்கு ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று பெயர்.

தொலைக்காட்சி இந்தப் பிழையைப் பல மடங்காக்குகிறது. நான்கு விடைகளைத் திரையில் காட்டிவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, முன்பே அறிந்த ஒன்றை அடையாளம் காணும் வேலை. எந்தத் துணையும் இல்லாமல் விடையை மனத்திலிருந்து எடுத்து வைப்பது வேறு வேலை. அமெரிக்காவின் ‘ஜெபர்டி’ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அங்கே தொகுப்பாளர் ஒரு குறிப்பைப் படிப்பார். போட்டியாளர் அதற்கான விடையைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும். விடை தெரிந்தால் மட்டும் போதாது. குறிப்பைப் படித்து முடித்த பிறகு ஊழியர் ஒருவர் பொத்தான்களை இயங்கச் செய்வார், பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதற்கு முன்பே அவசரப்பட்டு அழுத்தியவரின் பொத்தான் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். போட்டியிடும் மூவருக்குமே விடை தெரிந்திருந்து, கால் விநாடியால் இருவர் வாய் மூடி நிற்கும் காட்சிதான், வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு ‘இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை’ என்று படுகிறது.

அதே நிகழ்ச்சியில் 2004-ல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்ற கென் ஜென்னிங்ஸ், அடுத்த ஆட்டத்தின் கடைசிக் குறிப்பில் தோற்றார். ஒரு நிறுவனத்தின் 70,000 பருவகால அலுவலக ஊழியர்களில் பெரும்பாலானோர் ஆண்டுக்கு நான்கு மாதம் மட்டுமே வேலை செய்கிறார்கள். அது எந்த நிறுவனம் என்பது குறிப்பு. வருமான வரிக் கணக்கைத் தயாரித்துத் தரும் ‘எச் அண்ட் ஆர் பிளாக்’ என்பது விடை. அவர் ‘ஃபெடெக்ஸ்’ என்று எழுதினார். வரிக் காலத்தில் அந்த நிறுவனத்தின் வாசலில் காத்திருந்து பழகிய ஒருவருக்கு அந்த விடை நொடியில் தோன்றியிருக்கும். ஆனாலும் அவருக்கும் ஜென்னிங்ஸுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வாசல் மட்டும்தான்.

விடை வெளியான பின் வரும் ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்ற உணர்வும் நம்பத்தகுந்ததல்ல. பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிப் படிக்கக் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு முடிவைச் சொன்னார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவு எதுவோ, அதுவே நடப்பதற்கு அதிக வாய்ப்பிருந்தது என்று ஒவ்வொரு குழுவும் கருதியது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. விடையைக் கேட்ட மாத்திரத்தில் அது பழைய நினைவோடு கலந்துவிடுகிறது. எது முன்பே இருந்தது, எது இப்போது வந்து சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடிவதில்லை. இதற்கு நேர் எதிர் நிலையில் இருப்பவர் ஹாட் சீட்டில் இருப்பவர். விடை நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. சொல்லின் முதல் எழுத்தும் எத்தனை அசை என்பதும்கூட நினைவுக்கு வந்துவிட்டு முழுச் சொல் மட்டும் வராமல் போவதை பிரவுன், மெக்நீல் ஆகிய இருவரும் 1966-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சமும் கேமராவும் எதிரே ஒரு பெரிய நடிகரும் இருக்கும்போது இந்தத் தடை இன்னும் இறுகும்.

இதையெல்லாம் அந்தச் சித்தப்பாவிடம் வகுப்பாக எடுத்தால் அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே வீட்டுக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்தேன். கேள்வி திரையில் வந்தவுடன், நான்கு விடைகள் தோன்றுவதற்கு முன்பே, எல்லோரும் தத்தம் தாளில் விடையை எழுதிவிட வேண்டும். எழுதாமல் வாயால் சொல்வது கணக்கில் சேராது. மதிப்பெண் ஏட்டைச் சிறுமி வைத்துக்கொள்வாள். முதல் நாள் பன்னிரண்டு கேள்விகளில் சித்தப்பாவின் தாளில் சரியாக இருந்தவை நான்கு. இரண்டாம் நாள் அவர் ‘பேனா எழுதவில்லை’ என்று ஒரு காரணம் சொன்னாராம். அந்த வாரத்தின் முடிவில், “எந்தத் தைரியத்துல” என்ற வாசகம் கூடத்தில் கேட்கவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.

போட்டியாளரை அறிவில்லாதவர் என்று சொல்வதோடு இந்தப் பழக்கம் நிற்பதில்லை. இப்போது அது நோயைக் கண்டுபிடிப்பதில் வந்து நிற்கிறது. என் தொழில் சார்ந்து எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். 2025 அக்டோபரில் ‘கோன் பனேகா கரோர்பதி’யின் சிறுவர் பகுதியில் ஒரு பத்து வயதுச் சிறுவன் பரபரப்பாகவும் பெரியவரிடம் சற்றுத் துடுக்காகவும் பேசினான், ஒரு கேள்வியில் தவறி, பரிசின்றித் திரும்பினான். அவன் பெயரையும் ஊரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டன. சில நிமிடக் காட்சியை வைத்துக்கொண்டு அவனுடைய வளர்ப்பையும் பெற்றோரையும் நாடே விசாரித்தது. சிலர் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்றார்கள். சிலர் ‘சிக்ஸ் பாக்கெட் சிண்ட்ரோம்’ என்றார்கள். சீனாவின் ஒற்றைக் குழந்தைக் கொள்கைக் காலத்தில், பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நால்வர் ஆக ஆறு பேரின் சட்டைப்பையும் ஒரே குழந்தைக்குத் திறப்பதைக் குறித்து உருவான பேச்சுவழக்கு அது. எந்த நோயறிதல் கையேட்டிலும் அப்படி ஒரு நோய் கிடையாது.

கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உண்மையில் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டறிய, பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கிய அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும், அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே பேசி, குழந்தையோடு பல மணி நேரம் இருந்த பின்னரும் நான் தயங்கித் தயங்கித்தான் அந்தப் பெயரை எழுதுகிறேன். நேரில் பார்க்காதவருக்கு நோய்ப்பெயர் சூட்டக்கூடாது என்பதை மனநல மருத்துவர்களே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1964-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டர் மனத்தளவில் தகுதியானவரா என்று ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டது; அவரைச் சந்தித்தே இராத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தகுதியற்றவர் என்று பதில் எழுதினார்கள். அவர் வழக்குத் தொடுத்து வென்றார். அதன் பின்னர் 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நெறிமுறை விதியாகவே எழுதி வைத்தது. படித்துப் பட்டம் பெற்றவருக்கே இல்லாத உரிமை, சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பவருக்கு எங்கிருந்து வரும்?

விவரம் தெரிந்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2021-ல் ‘ஜெபர்டி’யில் மூன்றாவது முறையாக வென்ற ஒருவர் அதைக் காட்ட மூன்று விரல்களை மார்பருகே வைத்தார். முந்தைய இரு வெற்றிகளுக்கும் முறையே ஒரு விரலும் இரு விரல்களும் காட்டியிருந்தவர் அவர். அது நிறவெறிக் குழுவினரின் சைகை என்று பேச்சு கிளம்பியது. அதே நிகழ்ச்சியில் முன்பு பங்கேற்ற நூற்றுக்கணக்கானோர், அதாவது குறிப்புகளைப் படித்து நுட்பமாகப் பிரித்தறிவதையே பெருமையாகக் கொண்டவர்கள், கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். முந்தைய இரண்டு பகுதிகளைத் திருப்பிப் பார்த்தாலே விடை கிடைத்திருக்கும் புதிர் அது.

வென்றவர்களைப் பற்றிய பேச்சும் மென்மையாக இருப்பதில்லை. பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் 2011-ல் ‘கோன் பனேகா கரோர்பதி’யில் ஐந்து கோடி ரூபாய் வென்றார். பின்னர் 2020-ல் அவர் எழுதிய நீண்ட பதிவில், புகழ் வந்தபின் முதலீடுகளில் ஏமாந்ததையும், மதுவுக்கும் புகைக்கும் அடிமையானதையும், அவற்றிலிருந்து மீண்டதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஒரு நிருபரின் கேள்வியால் எரிச்சலடைந்து, பணமெல்லாம் தீர்ந்துவிட்டது, இரண்டு மாடு வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிறேன் என்று ஏதோ சொல்லப்போக, அது நாடு முழுவதும் செய்தியாகிவிட்டது என்பதும் அதில் இருந்தது. வினாடி வினாவில் வெல்வதற்கு நினைவாற்றல் போதும். வென்ற பணத்தைப் பற்றி ஊர் கேட்கும் கேள்விகளுக்கு யாரும் பயிற்சி தருவதில்லை.

என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம். கேள்வியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், எப்படி யோசித்திருந்தால் விடைக்கு அருகில் போயிருக்கலாம் என்று சண்டைகூடப் போடுங்கள். போட்டியாளரின் ஊர், உச்சரிப்பு, உடை, வளர்ப்பு பற்றிப் பேச்சு திரும்பும்போது குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத கௌசல்யா 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’ என்ற தமிழ் வினாடி வினா நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்ற பகுதியைக் குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாம், அவர் பேசாமலே யோசிக்கும் நேரங்களில் கூடத்தில் உள்ளவர்களும் பேசாமல் இருப்பதைப் பல வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குழந்தையைத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால், ஒளிபரப்பாவது பல மணி நேரப் படப்பிடிப்பிலிருந்து வெட்டித் தொகுக்கப்பட்ட பகுதி என்பதையும், எந்த நொடியை வைத்துக்கொள்வது என்பது உங்கள் கையில் இல்லை என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒளிபரப்புக்குப் பின் சில நாட்கள் கைபேசியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைப்பது நல்லது. தூக்கம் கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, பேச்சு குறைவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆலோசகரைப் பாருங்கள். உடனே யாரையும் பார்க்க இயலாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அந்தச் சிறுமி இந்த ஆண்டு மறுபடியும் அணியில் சேர்ந்தாள். இரண்டாம் சுற்றிலேயே அவர்கள் அணி வெளியேறிவிட்டது. அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிப் பேசத் தயங்குவாளோ என்று நான் நினைத்திருக்க, உள்ளே வந்ததும் வராததுமாக, தான் தவறவிட்ட கேள்வியை என்னிடம் கேட்டாள்: தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எது? எனக்கும் தெரியவில்லை. தமிழ் மறவன், 2019-ல் அறிவித்தார்கள் என்று சொல்லிவிட்டு, “எங்க சித்தப்பாவும் தப்பாத்தான் எழுதினாரு மேடம்” என்றாள்.