‘செல்வி’ என்ற பெயரை ஏற்காத ஒரு வரி

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நான் எழுதிய ஒரு பதிவுப் படிவத்தைப் பற்றி வந்த புகார் இது. பெயரைத் தமிழில் எழுதலாம் என்று படிவத்திலேயே குறிப்பு இருந்தது. ஒரு பெண் அதை நம்பித் தன் பெயரைத் தமிழில் தட்டியிருக்கிறார். ‘பெயர் தவறு. சரியாக உள்ளிடவும்’ என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதினார்: ‘என் பெயரில் என்ன தவறு என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.’

அதைப் படித்தபோது ஏற்பட்ட கூச்சம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பெயரைச் சரிபார்த்தது நான் எழுதிய ஒரே ஒரு வரி:

^[அ-ஹ ]+$

இது ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ்: ஓர் உரை எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதைக் குறிகளால் சொல்லும் வரி. தமிழில் சுருங்குறித்தொடர் என்பார்கள். வலை நிரல் எழுதுகிறவர் இதைத் தொடாமல் ஒரு வாரத்தைக் கடத்துவது கடினம். மேலே உள்ள வரியின் பொருள் எளிது: தொடக்கம் முதல் முடிவு வரை ‘அ’ முதல் ‘ஹ’ வரையுள்ள எழுத்துகளோ இடைவெளியோ மட்டுமே வரலாம், குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். அகர வரிசையில் அ முதலில், கிரந்த எழுத்தான ஹ கடைசியில் என்ற நினைப்பில் எழுதினேன். ‘அஅஅ’ என்றும் ‘ககக’ என்றும் தட்டிச் சோதித்தேன். ஏற்றுக்கொண்டது. வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். ‘செல்வி’ என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் செ, ல், வி என்று மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடின் கணக்கில் ஆறு குறியீடுகள்: ச, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி, வ, இகரக் குறி. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அ 2949இல் இருக்கிறது, ஹ 3001இல். துணைக்கால் தொடங்குவதோ 3006இல், புள்ளி 3021இல். ஆக, என் வரி ஏற்றுக்கொண்டவை உயிரும் அகரமேறிய மெய்யும் மட்டுமே. ‘கமல’ உள்ளே போகும், ‘கமலா’ போகாது. தமிழ்ப் பெயர்களில் துணைக்காலோ கொம்போ புள்ளியோ இல்லாதவை எத்தனை இருந்துவிடும்? ஏறத்தாழ எல்லோரையும் திருப்பி அனுப்பும் ஒரு வரியை வாசலில் நிறுத்தியிருந்தேன்.

இதைத் திருத்த வருகிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள். எல்லையை அ முதல் புள்ளி வரை, அதாவது 2949 முதல் 3021 வரை நீட்டுவார்கள். ஆய்த எழுத்து 2947இல், அ-வுக்கு முன்னால் இருக்கிறது. ‘ஃபாத்திமா’ முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். 2947இலிருந்து தொடங்க வேண்டும். ‘எழுத்து’ என்ற யூனிகோடு வகையைக் கேட்கும் வசதி ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 2018ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து இருக்கிறது. அதிலும் கவனம் தேவை. துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை யூனிகோடு ‘எழுத்து’ வகையில் சேர்க்கவில்லை, ‘குறி’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. இரண்டு வகைகளையும் சேர்த்துக் கேட்டால்தான் செல்வி உள்ளே வர முடியும்.

இதே பிரிவினை தேடலில் செய்யும் வேலை இன்னும் மோசம். ஒரு கட்டுரைத் தொகுப்பில் ‘பல்’ என்ற சொல்லை மட்டும் தேட வேண்டும், ‘பல்கலை’யில் உள்ள ‘பல்’ வரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களிலும் சொல்லித்தரும் வழி, சொல்லின் இருபுறமும் சொல்லெல்லைக் குறியை, அதாவது பின்சாய்கோடும் பி-யும் சேர்ந்த குறியை வைப்பது. பைத்தான் மொழியின் இயல்பான ரெஜெக்ஸ் நூலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் திகைத்துப் போவார்கள். தனியாக நிற்கும் ‘பல்’ கிடைக்காது. ‘பல்கலை’யில் உள்ள ‘பல்’ கிடைக்கும். வேண்டியதற்கு நேர் எதிர்.

காரணத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்தால் புரியும். பைத்தானுக்குப் ப, ல இரண்டும் சொல்லில் வரக்கூடிய எழுத்துகள்; புள்ளி அப்படியல்ல. சொல்லெழுத்தும் சொல்லல்லாததும் சந்திக்கும் இடமே எல்லை என்பது விதி. ‘பல்கலை’யில் புள்ளியை அடுத்துக் க வருகிறது, ஒன்று சொல்லல்லாதது, மற்றது சொல்லெழுத்து. எனவே அங்கே எல்லை இருப்பதாகக் கணக்கு. தனியாக நிற்கும் ‘பல்’லில் புள்ளியை அடுத்து இடைவெளி, இரண்டுமே சொல்லல்லாதவை. எனவே எல்லை இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை வேறு. அங்கே சொல்லெழுத்து என்றால் இயல்பாக ஆங்கிலத்தின் 52 எழுத்துகளும் 10 இலக்கங்களும் அடிக்கோடும் சேர்ந்து மொத்தம் 63தான். முழுத் தமிழ் வாக்கியத்திலும் ஓர் எல்லைகூடக் கிடைக்காது. நான் இப்போது எல்லைக் குறியைத் தமிழுக்குப் பயன்படுத்துவதே இல்லை. முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ இல்லை என்பதை முன்னோக்கு, பின்னோக்குச் சோதனைகளால் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ‘எ’ என்பது 2947 முதல் 3021 வரையுள்ள ஏதேனும் ஒன்றைக் குறிக்கட்டும்:

(?<!எ)பல்(?!எ)

தேடலைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. ‘பொன்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. எந்த விசைப்பலகை எதை அனுப்பும் என்பது நம் கையில் இல்லை. ஒன்றுக்காக எழுதிய ரெஜெக்ஸ் மற்றதைக் காணாது. உரையைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ஒரே வரி நிரல். எத்தனையோ பேர் அதை எழுதுவதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

செல்வியின் கதைக்குத் திரும்புகிறேன். எழுத்துகளின் எல்லையைச் சரி செய்தேன். தலைப்பெழுத்துடன் ‘மு. செல்வி’ என்று எழுதுகிறவர்களுக்காக முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் சேர்க்க நினைத்தேன். எழுத்துகள், பிறகு வேண்டுமானால் ஒரு முற்றுப்புள்ளி அல்லது இடைவெளி, இந்தத் தொகுதி எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்:

^(எ+[ .]?)+$

படிப்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள். சோதித்த எல்லாப் பெயர்களையும் ஏற்றுக்கொண்டது. சில வாரங்கள் ஓடின. ஒருநாள் யாரோ பெயர்ப் பெட்டியில் தன் நீண்ட பெயரையும் கைபேசி எண்ணையும் சேர்த்து ஒட்டிவிட்டார். சர்வரின் சிபியு நூறு சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் ஒற்றை இழையில் ஓடுவது, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் பார்ப்பது. அந்த ஒருவரின் பெயரை அது ஆராய்ந்துகொண்டிருக்க, மற்ற அனைவரும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். முற்றுப்புள்ளியும் இடைவெளியும் கட்டாயம் இல்லை என்பதால், இடைவெளியற்ற ஒரு பெயரைத் தொகுதிகளாகப் பிரிக்கப் பல வழிகள் உண்டு. ‘கமல’வை ‘கமல’ என்று ஒரே தொகுதியாகவும் கொள்ளலாம். க-மல, கம-ல, க-ம-ல என்றும் பிரிக்கலாம். பெயர் பொருந்தினால் முதல் வழியிலேயே வேலை முடிந்துவிடும். கடைசியில் ஓர் இலக்கம் வந்து பொருந்தாமல் போனால்தான் சிக்கல். பின்வாங்கி முயலும் வகை ரெஜெக்ஸ் இயந்திரம், வேறு விதமாகப் பிரித்தால் பொருந்துமோ என்று ஒவ்வொரு வழியாகப் பார்க்கும். மூன்று குறியீடுகளுக்கு 4 வழிகள், பத்துக்கு 512, முப்பதுக்கு 53,68,70,912. ஒரு குறியீடு கூடினால் வேலை இரட்டிப்பாகும். தமிழில் ஒரு பெயர் முப்பது குறியீடுகளை எட்டுவது அரிதல்ல, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன.

திருத்தம் சிறியது. தொகுதிகளுக்கு நடுவே பிரிப்பானைக் கட்டாயமாக்கினால் பிரிக்கும் வழி ஒன்றே ஒன்றாகிவிடும்:

^எ+([ .]+எ+)*[.]?$

பெயர்பெற்ற தளங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. நிரலர்கள் நாள்தோறும் நாடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலை 20 அன்று 34 நிமிடங்கள் முடங்கியது. ஒரு வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ரெஜெக்ஸ்தான் காரணம். யாரோ இட்ட பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, அவற்றின் பின்னே வேறோர் எழுத்து இருந்தது. முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000ஐயும் கடந்து, வரி முடியவில்லை என்று கண்டு, இரண்டாவதிலிருந்து மறுபடி 19,999, பிறகு 19,998. மொத்தம் கிட்டத்தட்ட 20 கோடிச் சோதனைகள். இங்கே அடுக்கு வளர்ச்சிகூட இல்லை, வெறும் இருபடி வளர்ச்சி; அதுவே தளத்தைச் சாய்க்கப் போதுமானதாக இருந்தது. ரெஜெக்ஸை எடுத்துவிட்டுச் சாதாரண உரைச் செயற்கூற்றை வைத்துத் தீர்த்தார்கள். 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதி ஒன்றில் நுழைந்த ரெஜெக்ஸ், அதன் பின்னால் இருந்த ஏராளமான தளங்களை 27 நிமிடங்கள் திணறடித்தது.

வேதனை என்னவென்றால், இந்தச் சிக்கலுக்கான விடை ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பே கிடைத்திருந்தது. கணினி அறிஞர் கென் தாம்சன் 1968இல் வெளியிட்ட தேடல் முறை, சாத்தியமான எல்லா நிலைகளையும் ஒரே நேரத்தில் ஏந்திக்கொண்டு உரையை ஒருமுறை மட்டும் கடந்து போகும். உரை இரு மடங்கானால் நேரமும் இரு மடங்குதான். பின்னால் வந்த மொழிகள், முன்பு பொருந்திய பகுதியைத் திரும்பச் சுட்டுவது போன்ற வசதிகளை விரும்பிப் பின்வாங்கும் முறையைத் தேர்ந்துகொண்டன. கூகுள் 2010இல் வெளியிட்ட ஆர்ஈ2 நூலகமும், கோ மொழியின் ரெஜெக்ஸும், ரஸ்ட் மொழியில் பரவலாகப் பயன்படும் ரெஜெக்ஸ் நூலகமும் தாம்சனின் வழிக்குத் திரும்பியவை. முன்பின் தெரியாதவர் தட்டும் உரையைச் சோதிக்க இவற்றையே நான் பரிந்துரைப்பேன். ஒரு விலை உண்டு: மேலே ‘பல்’லுக்குக் காட்டிய முன்னோக்கு, பின்னோக்குச் சோதனைகள் இவற்றில் கிடையாது. மாற முடியாதவர்கள் குறைந்தபட்சம் ரெஜெக்ஸைத் தொடும் முன் உரையின் நீளத்தைப் பாருங்கள். பெயருக்கு 200 குறியீடுகள் தாராளம். மேலே பார்த்த கணக்கின்படி சர்வரைச் சாய்க்க முப்பதே போதும் என்பதால், நீள வரம்பு மட்டும் ஒரு மோசமான ரெஜெக்ஸைக் காப்பாற்றாது, இரண்டும் வேண்டும்.

பிஎச்பி மொழியில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அங்கே பின்வாங்கலுக்கு இயல்பாகவே 10,00,000 என்ற வரம்பு இருக்கிறது. வரம்பு மீறினால் ‘பொருந்தவில்லை’ என்பதற்கான சுழியம் வராது. பிழை என்பதைக் குறிக்கும் வேறு மதிப்பு வரும். நிபந்தனையில் வைத்தால் இரண்டும் ‘இல்லை’ என்றே படும். உரையில் தீங்கான பகுதி இருக்கிறதா என்று தேடும் இடத்தில் இதை நினைத்துப் பாருங்கள். தாக்க வருகிறவர் உரையை வேண்டுமென்றே நீட்டினால், சோதனை பாதியில் முறிந்து, ‘தீங்கு இல்லை’ என்று கதவு திறந்துவிடும்.

உலாவியில் ஒரு மொழி, சர்வரில் வேறு மொழி என்று இருக்கும்போது ஒரே ரெஜெக்ஸை இரண்டிலும் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இலக்கத்தைக் குறிக்கும் குறி ஜாவாஸ்கிரிப்டில் 0 முதல் 9 வரை மட்டும் ஏற்கும். பைத்தானில் ௧, ௨, ௩ உள்ளிட்ட தமிழ் இலக்கங்களையும் ஏற்கும். முடிவைக் குறிக்கும் $ பைத்தானிலும் பிஎச்பியிலும் உரையின் கடைசியில் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொருந்திவிடும், ஜாவாஸ்கிரிப்டில் பொருந்தாது. மின்னஞ்சல் முகவரியைச் சோதிக்க இரண்டு பக்க நீளத்தில் ரெஜெக்ஸ் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. வலைப்பக்கங்களுக்கான எச்டிஎம்எல் தரம் தருகிற மின்னஞ்சல் ரெஜெக்ஸ்கூட, மின்னஞ்சலுக்கான ஆர்எஃப்சி 5322 என்ற இணையத் தரத்தை வேண்டுமென்றே மீறுவதாக வெளிப்படையாகச் சொல்கிறது. இடையில் @ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.

என் மேசைக்கு ஒரு ரெஜெக்ஸ் பரிசீலனைக்கு வந்தால், அது எங்கே தடுமாறுகிறது என்பதையே தேடுவேன். முதலில் ஃபாத்திமா, செல்வி, மு. செல்வி, ஸ்ரீ. அடுத்து இரண்டாகப் பிரித்து எழுதிய ஒகரத்துடன் ‘பொன்னி’. பிறகு நாற்பது ‘அ’க்களும் கடைசியில் ஒரு 7-உம். அதன் பின் 20,000 இடைவெளிகளும் ஒரு முற்றுப்புள்ளியும். இந்தச் சோதனைகள் அடங்கிய கோப்பு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக ஓடுகிறது; எந்தச் சோதனையாவது ஒரு விநாடியைத் தாண்டினால் மாற்றம் உள்ளே போகாது.

அந்தப் படிவத்தின் பெயர்ப் பெட்டியில் இப்போது ரெஜெக்ஸே இல்லை. காலியாக இருக்கக் கூடாது, 200 குறியீடுகளைத் தாண்டக் கூடாது, திரையில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியீடுகள் இருக்கக் கூடாது, அவ்வளவே. பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளை மாற்றிக் காட்டுவது வேறோர் இடத்தின் பொறுப்பு. ‘பெயர் தவறு’ என்ற வாசகத்தையும் நீக்கிவிட்டோம். ஏதேனும் காரணத்தால் சேமிக்க முடியாவிட்டால், ‘உங்கள் பெயரை எங்களால் சேமிக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று வரும். அந்தப் பதிவு நேராக என் அஞ்சல் பெட்டிக்கு வந்துவிடும்.