படத்துக்குச் சிரித்தவர்கள்

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர், அலுவலகத்தில் குழுப்படம் எடுத்த கதையைச் சொன்னார். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பின்வரிசையில் நின்ற இவரைப் பார்த்து ஒருவர், "பல்லைக் காட்டுப்பா, இல்லேன்னா படத்துல தெரியமாட்டே" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். அதைச் சொன்னவரைப் பற்றி இவர் அவ்வளவாகப் பேசவே இல்லை. அன்றைய நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்ற நண்பனைப் பற்றித்தான் பேச்சு. தினமும் காப்பிக்கடையில் ஒன்றாகச் சாப்பிடுகிறவன். "அவன்கூட தலையைக் குனிஞ்சுக்கிட்டான்க்கா."

வேறு வேறு வாய்களிலிருந்து இதே குறைதான் என் காதுக்கு வருகிறது. "உங்க இங்கிலீஷ் நல்லா இருக்கே", "பார்த்தா இந்தியர் மாதிரியே இல்லையே", இங்கே சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கையிலிருந்து சட்டென்று எழுந்து போவது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் அன்றாடம் படும் இந்த மாதிரிக் குத்தல்களுக்கு ஹார்வர்ட் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் 'மைக்ரோஅக்ரஷன்' என்று பெயர் வைத்தார். தனியாக எடுத்துச் சொன்னால் "இதுக்கா?" என்பார்கள். அதனாலேயே பலர் வெளியில் சொல்வதில்லை.

சரி, பார்க்கிறவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? ஈரமில்லாத மனசு என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதி உண்மைகூட இல்லை. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான். எல்லாரும் மற்றவர் முகத்தைப் பார்த்து, அவர் சும்மா இருக்கிறார், அப்போது ஒன்றுமில்லை போல என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தக் குழுப்படத்திலும் அதுதான் நடந்திருக்கும்.

அதனால் பயிற்சிகளில் நான் முதலில் சொல்வது, சண்டைக்குப் போகவேண்டாம் என்பதுதான். குத்தியவரைத் திருத்தும் வேலை நம்முடையது அல்ல. குத்துப்பட்டவர் பக்கம் திரும்புங்கள். "தம்பி, மூணு மணி கூட்டத்துக்கு அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்கா?" என்று எதையாவது கேளுங்கள், பேச்சு அறுந்துவிடும். கொஞ்சம் தைரியம் இருந்தால், சிரிக்காமல், "எனக்குப் புரியல, இதுல என்ன சிரிப்பு?" என்று கேட்கலாம். கேலியை விளக்கச் சொன்னால் அது செத்துப்போகும், நான் பார்த்திருக்கிறேன். கைபேசியில் பதிவு செய்தால் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள். அவரைக் கேட்காமல் இணையத்தில் போடுவது அவருக்கு இரண்டாவது அடி. கை ஓங்கும் அளவுக்குப் போனால் ஒதுங்கி நின்று காவல்துறையின் 999க்கு அழையுங்கள், பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி.

சட்டமும் இருக்கிறது. தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014இல் வந்தது. வேலையிட நியாயத்துக்கான சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் மதியச் சாப்பாட்டு மேசைக்கு எந்தச் சட்டமும் உடனே வந்து உட்காராது, பக்கத்து நாற்காலியில் நாம்தான் இருப்போம்.

இவ்வளவு சொல்கிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் புளோக் மின்தூக்கியில் சிமெண்ட் படிந்த காலணியோடு ஒரு வெளிநாட்டு ஊழியர் ஏறினார். கூட இருந்த அண்டைவீட்டு அம்மா, "தள்ளி நில்லுங்க பிள்ளைங்களா, நாத்தம்" என்றார். தமிழில்தான். அவர் பங்ளாதேஷ்காரர் என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம் போல. நான் மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஐந்தாவது மாடியில் இறங்கிவிட்டார். பழுதுபார்ப்பு வேலை நடந்தது பதினொன்றாவது மாடியில்.

தாமதமாகச் செய்வதும் ஒரு வழிதான் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அதைச் செய்ய நான்கு நாள் ஆனது. கீழ்த்தளத்தில் அவர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது போய், "தம்பி, அன்னிக்கு லிஃப்ட்ல நான் பேசாம நின்னுட்டேன், தப்பு" என்றேன். என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"புரிஞ்சுதுக்கா, அதான் இறங்கிட்டேன்" என்றார். அப்புறம், "நமக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். நீங்க எந்த ஊரு?"