நூலுடன் எழுதும் தேர்வு: ஒரு சொல் விளக்கம்

9-ஆம் வகுப்புக்கு 2026–27 கல்வியாண்டு முதல் ‘ஓபன் புக்’ தேர்வைக் கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2025-இல் ஒப்புதல் கொடுத்தது. அதிலிருந்து ‘புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு’ என்ற தொடர் செய்திகளில் ஓயாமல் காதில் விழுகிறது. கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. கல்லூரிகளுக்கு இந்தத் தேர்வு புதிதும் இல்லை. கொரோனா ஆண்டான 2020-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இறுதியாண்டு மாணவர்களுக்கு இப்படித்தான் தேர்வு வைத்தது.

முதலில் சொற்பிறப்பை முடித்துவிடுவோம். தேர்வு என்பது ‘தேர்’ என்ற வினையடியிலிருந்து வந்தது. ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்று பொருள். ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிற குறளில் இருப்பதும் இந்தத் ‘தேர்’தான். இலங்கையில் பரீட்சை என்பார்கள்; அது வடமொழி, சுற்றிலும் நோக்குதல் என்பது அதன் அடிப்பொருள். புத்தகமும் வடசொல், நூல் தமிழ். ஆங்கிலத்தில் ‘ஓபன் புக்’ என்றால் தேர்வறைக்குள் புத்தகத்துக்கு அனுமதி உண்டு. ‘குளோஸ்டு புக்’ என்றால் இல்லை. அவ்வளவுதான்.

இதற்கு இப்போது இரண்டு தமிழாக்கங்கள் புழங்குகின்றன. ஒன்று ‘திறந்த புத்தகத் தேர்வு’. தமிழில் ‘திறந்த’ என்ற பெயரெச்சம் தனியே நின்றால், யார் திறந்தது என்ற கேள்வி கூடவே வரும். அமைச்சர் திறந்த பாலம், அம்மா திறந்த டப்பா. திறந்து கிடப்பதையும் ஒருவர் திறந்ததையும் இந்தச் சொல் பிரித்துக் காட்டாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் ‘நிலை’யைச் சேர்த்ததால் இந்தக் குழப்பம் அங்கே இல்லை. இந்தத் தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு; ‘அவர் வாழ்க்கை ஒரு திறந்த புத்தகம்’ என்று மேடைக்கு மேடை பேசிப் பேசி, அந்தத் தொடருக்கு ஒளிவுமறைவு இல்லாதது என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. தேர்வுக்கும் ஒளிவுமறைவுக்கும் என்ன தொடர்பு? மூன்று மணி நேரமும் புத்தகத்தைத் திறக்காமலே ஒருவர் இந்தத் தேர்வை எழுதிவிடலாம். புத்தகம் கூட இருக்கலாம் என்பதுதான் விதி, திறந்திருக்க வேண்டும் என்பது இல்லை.

இரண்டாவது ‘பார்த்து எழுதும் தேர்வு’. எளிமையாக இருக்கிறது என்று இதற்குப் பரிந்து பேசுவார்கள். எனக்கு இதன்மேல்தான் கோபம் அதிகம். ‘பார்த்து எழுதுவது’ என்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே பொருள்தான். ஒன்றாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதினால் அது பயிற்சி. பெரிய வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் அது திருட்டு. இரண்டுமே இருப்பதை அப்படியே இறக்குமதி செய்வது. யோசித்து எழுதுவதைத் தமிழில் யாரும் பார்த்து எழுதுவது என்று சொன்னதில்லை. இந்தப் பெயரை வைத்துவிட்டு, பாடத்தை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள் என்று மாணவர்களைக் குறைசொன்னால் எப்படி? பெயரே அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறது.

பண்பாட்டு மானிடவியலில் கட்டுரைத் தேர்வு எழுதும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். பப்புவா நியூ கினியில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளின் ‘குலா’ என்ற கொடைப் பரிமாற்றம் பாடத்தில் இருக்கிறது. சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலஞ்சுழியாகப் போகும், வெண்சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையில் வரும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922-இல் இதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டார். ‘குலா என்றால் என்ன?’ என்று இந்தத் தேர்வில் யாரும் கேட்கப்போவதில்லை. அது புத்தகத்திலேயே இருக்கிறது. ‘கொடைக்கு ஈடு எதிர்பார்க்கப்படுகிறது என்ற கருத்தைக் குலாவை முன்வைத்து மதிப்பிடுக’ என்று கேட்பார்கள். அப்போது 1925-இல் கொடையைப் பற்றி மார்செல் மோஸ் எழுதியது வேண்டும். அதே தீவுகளுக்குப் பிற்காலத்தில் போன அன்னெட் வீனர் 1976-இல் சொன்னதும் வேண்டும். இறப்புச் சடங்குகளில் பெண்கள் பங்கிடும் வாழையிலைக் கட்டுகளும் பாவாடைகளும் அங்கே பெரும் செல்வம், மாலினோவ்ஸ்கி அதற்கு உரிய இடம் தரவில்லை என்பது அவர் வாதம். இந்த மூவரையும் ஒரே கட்டுரையில் எதிரெதிரே நிறுத்தவேண்டும். எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதினாலும் இது வராது.

அதனால் தயாரிப்பும் வேறு மாதிரி. புத்தகந்தான் கையில் இருக்கிறதே என்று படிக்காமல் போகிறவர், முதல் ஒரு மணி நேரத்தைப் பக்கம் புரட்டியே தொலைப்பார். பாடத்திலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே வரி எழுதிவைத்துக்கொள்ளலாம்: யார் சொன்னது, என்ன சொன்னார், யாரை மறுக்கிறார், எந்தப் பக்கம். ‘வீனர் – பெண்களின் செல்வம் – மாலினோவ்ஸ்கிக்கு மறுப்பு’ என்று எழுதிப் பக்க எண்ணையும் போட்டால் போதும். எல்லா வரிகளும் ஒரு தாளில் அடங்கிவிடும். புத்தகத்தின் ஓரத்தில் வண்ணத்தாள் ஒட்டும்போதும் நூலாசிரியருக்கு ஒரு நிறம் என்று வைக்காமல் கருத்துக்கு ஒரு நிறம் வைக்கவேண்டும். கேள்வி கருத்தின்மேல்தான் வரும். அப்புறம், இரண்டு கேள்விகளை நாமே எழுப்பி, விடைக்குச் சட்டகம் மட்டும் போட்டுப் பார்க்கலாம்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘நூல்துணைத் தேர்வு’ என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் துணைத் தேர்வு என்றால் தோற்றவர்கள் மறுபடி எழுதும் தேர்வு. அந்த நினைப்பு வராமல் இருக்காது, ஆகவே அது வேண்டாம். ‘நூலுடன் எழுதும் தேர்வு’ என்பதே என் தேர்வு. பேச்சில் ‘புத்தகத்தோடு எழுதும் தேர்வு’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை; வடசொல் கலந்துவிட்டதே என்று அதை ஒதுக்கமாட்டேன், பொருள் தெளிவாக இருந்தால் போதும். எழுதுபவர் மாணவர், நூல் கூட இருக்கிறது. சொல்லில் அது நேராக இருக்கிறது. ‘குளோஸ்டு புக்’ தேர்வுக்கு ‘நூலின்றி எழுதும் தேர்வு’.

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் போட்டு முடித்துவிடுகிறார்கள், அந்தச் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. முன்பு பார்த்தவர்கள் இருந்தார்கள். இடஒதுக்கீட்டில் ‘ஓபன் காம்பெடிஷன்’ என்பதைத் ‘திறந்த போட்டி’ என்று ஆக்காமல் ‘பொதுப்போட்டி’ என்று ஆக்கினார்களே, அது பொருளைப் பிடித்த மொழிபெயர்ப்பு. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

‘நூலுடன்’ என்று வைத்துக்கொண்டால் இன்னொரு வசதியும் உண்டு. சில துறைகளில் நூலுக்கு அனுமதி இல்லை, கையால் எழுதிய ஒரு தாளுக்கு மட்டும் உண்டு. அது ‘குறிப்புடன் எழுதும் தேர்வு’. வீட்டிலிருந்து இணையத்தைப் பயன்படுத்தி எழுதலாம் என்றால் ‘இணையத்துடன் எழுதும் தேர்வு’. ‘திறந்த குறிப்புத் தேர்வு’, ‘திறந்த இணையத் தேர்வு’ என்று அடுத்து யாராவது கிளம்புவதற்குள் இந்தச் சொற்கள் வினாத்தாளின் முதல் வரியில் ஏறிவிடவேண்டும்.